காருக்கு லித்தியம் பேட்டரி: கொங்கு வெயிலில் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரில் இருக்கும் ஈய பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி மாட்டுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் என்னை அலைக்கழித்தன. கோவையில் ஒரு கடையில் "இந்த வண்டிக்கு ஒத்து வராதுங்க" என்றார்கள். அடுத்த தெருவில் "எந்த வண்டிக்கும் போடலாமுங்க" என்றார்கள். இரண்டு இடத்திலும் யாரும் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. என்னுடையது பழைய மாருதி ஜென். அதற்குப் பொருந்தியது உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். பொருந்துமா என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

எலக்ட்ரிக் காரின் பெரிய பேட்டரியைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. பெட்ரோல், டீசல் வண்டிகளில் செல்ஃப் எடுக்கப் பயன்படும் 12 வோல்ட் பேட்டரியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

1. உங்களுக்கு இது தேவையா?

எடை குறையும் என்பதுதான் விற்பவர்கள் முதலில் சொல்லும் காரணம். குறைவது உண்மைதான். சிறிய காருக்கான 35 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் சேமிப்பு அளவு) ஈய பேட்டரி சுமார் 10 கிலோ இருக்கும். அதற்கு மாற்றாக வரும் லித்தியம் மூன்று, நான்கு கிலோவில் முடிந்துவிடும். மிச்சமாகும் ஆறு கிலோ என்பது எட்டு லிட்டர் பெட்ரோலின் எடை. டேங்கில் எட்டு லிட்டர் குறைவாக இருக்கும் நாளில் உங்கள் வண்டி பறப்பதில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டி ஓட்டுபவருக்கு ஆறு கிலோ பெரிய விஷயம். உக்கடம் சிக்னலில் நிற்பவருக்கு அது எந்த மாற்றத்தையும் தராது. மைலேஜ் கூடும் என்று சொல்லும் கடையிலிருந்து அப்போதே வெளியே வந்துவிடுங்கள்.

வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஈய பேட்டரி பாதிச் சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். லித்தியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. செல்ஃப் எடுக்கும்போது வோல்டேஜ் அவ்வளவாகக் கீழே விழாது. அமிலம் வழியாது, தட்டு அரிக்காது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை. பல மடங்கு அதிகமான முறை சார்ஜ் ஏறி இறங்கும்.

பின்வரும் மூன்று வகையினர் இந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது: நிறுவன வாரண்டி இன்னும் முடியாத வண்டி வைத்திருப்பவர்கள், சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதியுள்ள வண்டி வைத்திருப்பவர்கள், டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் இடத்தில் இரவில் வண்டியை வெளியே நிறுத்துபவர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லில் சார்ஜ் ஏற்றக் கூடாது. கோவை, ஈரோடு, நாமக்கல்லில் இருப்பவர்களுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே அல்ல. நமக்கு வெயில்தான் பிரச்சினை. அதற்கு வருகிறேன்.

2. வாங்கும் முன் வண்டியை அளந்து பாருங்கள்

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். இல்லையென்றால் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், எதிரே நின்று அளக்கச் சொல்லுங்கள். "எல்லாம் சரியாக இருக்குதுங்கண்ணா" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்; எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவு, என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ். என்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுற்று கூட்டி ஒரு முறை, ஏ.சி., ஹெட்லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு ஒரு முறை. பொள்ளாச்சி வரை போய்த் திரும்பிச் சூடாக இருக்கும்போது ஒரு முறை. நான்கு அளவும் 13.8 முதல் 14.6 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. எப்போதாவது 14.8-ஐத் தாண்டினால் முதலில் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைச் சரிசெய்யுங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 12.5 போன்ற அளவுக்கு இறங்கி, மறுபடி ஏறினால், அது ஈய பேட்டரியின் நிலையைப் பார்த்துத் தானே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வகை ஆல்டர்னேட்டர். நெகட்டிவ் கிளாம்ப்பில் ஒரு சிறிய சென்சார் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொரு அடையாளம். இந்த வகை வண்டியின் கம்ப்யூட்டருக்கு லித்தியத்தின் வோல்டேஜ் புரியாது. சாதாரணப் பட்டறையில் அதை மாற்றி எழுதவும் முடியாது. அப்படிப்பட்ட வண்டியாக இருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், லித்தியம் பேட்டரிக்குள் செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை ஒன்று இருக்கிறது, பி.எம்.எஸ். என்பார்கள். வோல்டேஜோ சூடோ எல்லை மீறினால் அது பேட்டரியைச் சட்டென்று துண்டித்துவிடும். வண்டி ஓடும்போது அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் தள்ளிக்கொண்டிருக்கும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இருக்காது. வோல்டேஜ் ஒரே தாவாகத் தாவி டயோடையோ வண்டியின் கம்ப்யூட்டரையோ சுட்டுவிடலாம். பேட்டரியைக் காத்த பலகை வண்டியைக் காக்காது.

இரண்டாவது அளவு, வண்டி சும்மா நிற்கும்போது கசியும் மின்சாரம். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்துக் காத்திருங்கள். வண்டியின் மின்னணுப் பொருள்கள் உறங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் கதவைத் திறக்காதீர்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் எடுக்கவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. ஜி.பி.எஸ். டிராக்கரோ, நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் கேமராவோ மாட்டியிருந்தால் இதைவிடக் கூடும். இந்த எண்ணை எழுதி வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

மூன்றாவது அளவு, சூடு. இதை யாரும் சொல்வதில்லை. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரை மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது வாடிக்கை. பானெட்டுக்குள் அதைவிடப் பல மடங்கு கொடுமை. என்ஜினை நிறுத்திய பிறகு விசிறியும் காற்றும் இல்லாததால் சூடு இன்னும் ஏறும். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகள் 60 டிகிரியை ஒட்டிச் சார்ஜ் வாங்குவதை நிறுத்திவிடும். கம்பியும் முனையும் உள்ள சிறிய தெர்மாமீட்டரின் முனையைப் பேட்டரி தட்டில் ஒட்டி, மதியம் இரண்டு மணி வெயிலில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். 55-க்குள் நின்றால் கவலையில்லை. 60-ஐத் தாண்டினால் வெப்பத் தடுப்புத் தகடு வைத்து மறுபடி அளங்கள். அப்போதும் குறையவில்லை என்றால், பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது ஒன்றே வழி. அது தடித்த கேபிளும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸும் கேட்கும் தனி வேலை. வெயில் காலத்தில் அளந்து பார்க்காமல் மார்கழியில் வாங்கி மாட்டாதீர்கள்.

3. லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

செல்லின் வகை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று இருக்க வேண்டும். 3.2 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட். லேபிளில் 12.8 என்ற எண்ணைத் தேடுங்கள். 11.1 என்றோ 14.8 என்றோ இருந்தால் அது வேறு வகைச் செல். எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பழைய பேட்டரியைப் பிரித்துக் கட்டியதாகவும் இருக்கலாம். மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட் பேட்டரிக்கு 12.6 வோல்ட்தான் உச்சவரம்பு. உங்கள் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தள்ளும். தீப்பிடிக்கலாம். விலை பாதி என்று யாராவது இதைக் காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, அது செல்ஃப் எடுப்பதற்கென்றே செய்த ஸ்டார்ட்டர் பேட்டரியா என்று பாருங்கள். சோலாருக்கும் இன்வெர்ட்டருக்கும் விற்கும் 12.8 வோல்ட் பெட்டிகள் அதே வடிவத்தில், குறைந்த விலையில் கிடைக்கும். அவற்றின் பி.எம்.எஸ். பெரும்பாலும் 50, 100 ஆம்பியருக்கு மேல் விடாது. செல்ஃப் மோட்டார் அந்த நொடியில் இழுப்பது சிறிய பெட்ரோல் காரிலேயே இதைவிட அதிகம். டீசலில் கேட்கவே வேண்டாம். சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டே இருண்டுபோகும். லேபிளில் சி.சி.ஏ. (குளிரிலும் செல்ஃப் எடுக்க பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) என்ற எண் இருக்க வேண்டும். அது உங்கள் பழைய பேட்டரியின் சி.சி.ஏ. எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏ.ஐ.எஸ். 156 சான்று இருக்கிறது என்று காட்டுவார்கள். அது மின்சார இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளை ஓட்டும் பேட்டரிக்கான பாதுகாப்புத் தரம். கார் என்ஜினைச் சுழற்றும் திறனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மூன்றாவது பொறி, ஆம்பியர்-அவர் எண். "35 ஆம்பியர்-அவருக்கு இணை" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். செல்ஃப் எடுக்கும் திறனில் இணையாக இருக்கலாம், சேமிப்பில் அல்ல. உண்மையைத் தெரிந்துகொள்ள வாட்-அவர் எண்ணைத் தேடி 12.8-ஆல் வகுங்கள். 154 வாட்-அவர் என்றால் உள்ளே இருப்பது 12 ஆம்பியர்-அவர் மட்டுமே. இப்போது முன்பு எழுதி வைத்த கசிவு எண்ணை எடுங்கள். 40 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு ஆம்பியர்-அவர் போகும். பன்னிரண்டு நாளில் பேட்டரி காலி. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும்போது வண்டியைப் போர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். அவர்கள் பெரிய வாட்-அவர் உள்ளதை வாங்க வேண்டும், அல்லது போகும் முன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

அளவும் பாருங்கள். பழைய பேட்டரியில் 38B20L போன்ற குறியீடு இருக்கும். நடுவில் உள்ள 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது. L-க்கு L, R-க்கு R. மாறினால் ஒயர் எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டினால் பானெட்டில் உரசும்.

4. பில், வாரண்டி, இன்சூரன்ஸ்

பில்லில் பேட்டரியின் சீரியல் எண் இருக்க வேண்டும். "பில் பிறகு அனுப்புகிறோம்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஈய பேட்டரிக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது. சொல்லும் விலை வரியோடு சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள்.

வாரண்டி அட்டையில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு முழு மாற்று, எத்தனை ஆண்டு தள்ளுபடி விலையில் மாற்று என்பது ஒன்று. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது வழக்கம். கார் ஸ்டார்ட்டர் பயன்பாடு என்று எழுதியிருக்கிறதா என்பது இன்னொன்று. பானெட்டுக்குள் மாட்டினால் செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழுதானால் எங்கே கொடுக்க வேண்டும் என்பது நான்காவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு வகையில் வருவதால் பல கூரியர்கள் எடுப்பதில்லை. விமானத்தில் கையோடும் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. வேறு மாநிலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால், பார்சல் லாரி செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு விற்பனையாளர் சீரியல் எண் எழுதாத, முத்திரை மட்டும் குத்திய வெற்று அட்டையைத் தந்தார். அதைப் பூர்த்தி செய்ய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தகராறு முற்றினால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் எங்கிருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் பில் இருந்தால்தான் வழி.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆர்.சி.யில் ஸ்டார்ட்டர் பேட்டரி பற்றிய விவரம் கிடையாது. ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். கம்பெனி கொடுத்ததைத் தவிர நாம் சேர்க்கும் மின்பொருள்களுக்கு ஐ.எம்.டி. 24 என்ற ஒப்புதல் பிரிவு உண்டு. வழக்கமான கூடுதல் பிரீமியம் பொருளின் மதிப்பில் 4 சதவீதம். 20,000 ரூபாய் என்றால் 800 ரூபாய். சாதாரண பாலிசியில் பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பதில் மின்னஞ்சலில் வரட்டும். போனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.

5. செலவும் நேரமும்

சிறிய காருக்கு ஈய பேட்டரி சில ஆயிரம் ரூபாயில் முடிகிறது. லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு அதைப் போல் பல மடங்கு ஆகும். ஐந்து இலக்கத்துக்குத் தயாராகப் போங்கள். அதோடு நிற்காது. லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜர் ஒன்று தேவை. தட்டில் சின்ன பேட்டரி ஆடாமல் உட்கார ஒரு பிடிப்பு தேவை. முனைகள் வேறு மாதிரி இருந்தால் பித்தளை அடாப்டர் தேவை.

பிடிப்பு விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை இருக்கிறது. கோவை கணபதி பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அளவு கொடுத்தால் அலுமினியத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள். சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் தயவு தாட்சண்யம் வேண்டாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பேட்டரி நழுவி பாசிட்டிவ் முனை பாடியில் தொட்டால் என்ன ஆகும் என்று அவரையே கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் தரைவழியாகத்தான் வரும், ஆகவே விற்பவர் சொல்லும் நாளோடு ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. மறுநாள் கடைகள் திறந்திருக்கும் ஒரு நாளில் காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது.

6. மாட்டும் நாள்

புதிய பேட்டரியை முந்தைய இரவே லித்தியம் சார்ஜரில் போட்டு நிரப்பிவிடுங்கள். பாதி காலியான லித்தியத்தை நேராக வண்டியில் மாட்டினால் அது தடையின்றி மின்சாரத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றும். பேட்டரி கடைகளில் பல பேட்டரிகளை வரிசையாக இணைத்துச் சார்ஜ் ஏற்றுவார்களே, அந்தப் பழைய சார்ஜர் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது.

மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி கழற்றுங்கள். சாவி வெளியே, உங்கள் சட்டைப்பையில். ரேடியோவுக்குக் கோட் இருந்தால் எழுதி வையுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்ற வேண்டும். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசையை மெக்கானிக் மாற்றினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

தட்டில் படிந்திருக்கும் வெள்ளைத் தூளைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு பிடிப்பை இறுக்கி, பேட்டரியை இரு கையாலும் அசைத்துப் பாருங்கள். அசையக் கூடாது. என்ஜினைக் கிளப்பி ஏ.சி. இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மீண்டும் மல்டிமீட்டர்: இரண்டாம் படியில் கிடைத்த அதே வோல்டேஜ் வர வேண்டும்.

பழைய ஈய பேட்டரியையும் இதையும் இணையாகச் சேர்த்துக் கட்டினால் சக்தி கூடும் என்ற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

7. முதல் சில வாரங்கள்

வோல்டேஜைப் படிக்கும் பழைய பழக்கத்தை மாற்ற வேண்டும். ஈயத்தில் 12.6 என்றால் நிறைந்த பேட்டரி. லித்தியத்தில் 12.6 என்றால் கிட்டத்தட்ட காலி. ஓய்வில் 13.2-க்கு மேல் இருப்பதே நல்ல நிலை. கடைக்காரர் வைத்திருக்கும் டெஸ்டர் ஈயத்துக்கானது. லித்தியத்தில் அது "நன்று" என்று தவறாகக் காட்டலாம். அதை நம்பி நெடும்பயணம் போகாதீர்கள்.

ஒரு காலையில் மீட்டர் போர்டு முழுக்க இருண்டு, பேட்டரியில் பூஜ்யம் வோல்ட் காட்டினால் பதற வேண்டாம். பி.எம்.எஸ். துண்டித்திருக்கிறது. சில பேட்டரிகளில் ரீசெட் பட்டன் இருக்கும். அழுத்தினால் ஒரு முறை கிளப்பும் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கும். கிளம்பியதும் வண்டியை ஓட்டிச் சார்ஜ் ஏற்றிவிடலாம் என்று நினைக்காமல், வீட்டுக்கு வந்து சார்ஜரில் போடுங்கள். ஓட்டும்போது ஹெட்லைட் திடீரென்று பிரகாசம் கூடி மினுக்கினால், உடனே ஓரங்கட்டி, ஆல்டர்னேட்டரைப் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

வாட்டர் சர்வீஸ் விடும்போது பானெட்டுக்குள் அழுத்தத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈய பேட்டரி பொறுத்துக்கொண்டதை இதற்குள் இருக்கும் மின்னணுப் பலகை பொறுத்துக்கொள்ளாது.

8. பழைய பேட்டரி

நன்றாக இருந்தால் உடனே விற்காதீர்கள். ஒரு கோடைகாலம் முடியும்வரை வீட்டில் வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். லித்தியம் ஒத்து வரவில்லை என்றால் அன்று மாலையே மாட்டிக்கொள்ளலாம்.

கொடுக்கும்போது எடை போட்டுக் கொடுங்கள். ஈய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். அதற்கு எப்போதும் விலை உண்டு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆகவே பேட்டரி விற்கும் கடையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி ஐம்பது ரூபாய் அதிகமாகத் தரலாம். அது கடைசியில் ஏதோ ஒரு காட்டோரத்தில் திறந்த அடுப்பில் உருகும், அமிலம் கிணற்றுக்குப் போகும்.

லித்தியம் பேட்டரியின் கதை வேறு. காலம் முடிந்தபின் எக்ஸ்சேஞ்ச் விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாங்கும் நாளிலேயே, பழையதானால் யார் திரும்ப எடுப்பார்கள் என்று விற்பவரிடம் கேட்டு, அந்த முகவரியைப் பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள். வீங்கிய பேட்டரியாக இருந்தால் அதற்குச் சார்ஜ் ஏற்றவோ, ஓட்டை போட்டுப் பார்க்கவோ, மாநகராட்சிக் குப்பையில் போடவோ கூடாது. வண்டியிலிருந்து இறக்கி, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, நிழலான திறந்த இடத்தில் வைத்துவிட்டு அந்த முகவரிக்குப் பேசுங்கள்.